சீனிக் கிண்ணமும் நுகர்வோர் அறமும்

விலைக்கு வாங்கப்படும் பண்டம் ஒவ்வொன்றும் ஒரு வரலாற்றை உடையது. அது எந்த மண்ணில் விளைந்தது, எவருடைய உழைப்பால் உருப்பெற்றது, அவ்வுழைப்புக்கு என்ன ஊதியம் கிடைத்தது, அந்த மண்ணுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது ஆகிய வினாக்களுக்குரிய விடைகள் யாவும் அவ்வரலாற்றுள் அடங்குவன. ஆயின் பண்டம் கடைக்கு வந்து சேரும்போது அவ்வரலாறு அதனின்றும் நீங்கிவிடுகின்றது. வாங்குவோன் காண்பன நிறமும் சுவையும் விலையுமே. தொழிலாளரையும் இயற்கைச் சூழலையும் ஊறுபடுத்தாத பண்டங்களையே வாங்குதல் வேண்டும் என்னும் கருத்து இன்று உலகெங்கணும் பேசப்படுகின்றது. அதற்குச் சான்று பகரும் முத்திரைகள் தேயிலைப் பொதிகளிலும் ஆடைகளிலும் இடம்பெறுகின்றன. மறைந்துபோன அவ்வரலாற்றை வாங்குவோன் கண்முன் மீண்டும் கொணரும் முயற்சிகளே இவை எனலாம்.

இக்கருத்து அண்மைக் காலத்தது எனப் பலர் எண்ணுவர். உண்மையில் அது இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமை உடையது. பிரித்தானியாவிலே 1791 ஆம் ஆண்டில் எழுந்த சீனி மறுப்பு இயக்கம் இவ்வகையிலே பெருந்தொகையான மக்களை ஈர்த்த முதல் இயக்கங்களுள் ஒன்றாகும். அவ்வியக்கத்தினர் எச்சீனியைக் கைவிட்டனர் என்பது பலரும் அறிந்தது. அதற்குப் பதிலாக எச்சீனியைத் தேர்ந்துகொண்டனர், அத்தேர்வின் பின்விளைவுகள் யாவை என்னும் வினாக்கள் அத்துணை எழுப்பப்படுவதில்லை. அவ்வினாக்களைப் பின்தொடர்வோர் இறுதியிலே தமிழ்நாட்டுக் கிராமங்களையும் இலங்கையின் மலைநாட்டையும் வந்தடைவர். ஆதலின் இவ்வரலாறு தமிழ் வாசகர்க்கு அயலார் கதையன்று.

சீனியின் வழி

பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டிலே சீனி செல்வர் வீட்டுப் பண்டம். பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் அது கூலித் தொழிலாளியின் தேநீரிலும் கரைந்தது. 1700 ஆம் ஆண்டளவில் ஒருவர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4 இறாத்தல் சீனியையே உட்கொண்டனர். 1800 ஆம் ஆண்டளவில் அது ஏறத்தாழ 18 இறாத்தலாயிற்று. சீனத்திலிருந்து வந்த தேயிலையும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த சீனியும் ஒரே கோப்பையில் ஒன்று சேர்ந்தமை புதிய தொழிலாளர் வகுப்பின் உணவு வழக்கத்தையே மாற்றியது என்பதை மானிடவியலாளர் சிட்னி மின்ற்ஸ் 1985 இல் வெளியிட்ட தமது நூலிலே விரிவாக விளக்கியுள்ளார்.

இச்சீனியின் விலை மலிவாயிருந்தமைக்கு இரு காரணங்கள் இருந்தன. முதலாவது, அடிமை உழைப்பு. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து நிகழ்ந்த அடிமை வணிகத்தில் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் ஆபிரிக்கர் கப்பலேற்றப்பட்டனர் என வரலாற்றறிஞர் கணிப்பர். அவர்களுள் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் கரை காணாமலே மாண்டனர். கரும்பு வெட்டிய சில மணி நேரத்துள் பிழியப்படல் வேண்டும். இல்லையேல் சாறு கெடும். ஆகையால் அறுவடைக் காலத்திலே ஆலையும் கொதிகலன்களும் இரவு பகலாக இயங்கின. உறக்கமின்றி உழைத்தோரின் கைகள் ஆலை உருளைகளிற் சிக்குவது வழக்கமான விபத்தாயிருந்தது. தீவுகளிற் பிறப்புக்களிலும் இறப்புக்கள் மிகுந்திருந்தமையாலேயே புதிய அடிமைகளை இடைவிடாது இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது.

இரண்டாவது காரணம் நிலம் பற்றியது. பார்படோஸ் தீவிலே 1640 களிற் கரும்புச் செய்கை வேரூன்றியது. ஒரு தலைமுறைக் காலத்துள்ளே அத்தீவின் காடுகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. கொதிகலன்களுக்கு வேண்டிய விறகும் அருகியது. மழை மேல்மண்ணை அடித்துச் சென்றமையால், சாய்நிலங்களிலே குழிகள் தோண்டிக் கரும்பு நடும் முறை பின்பற்றப்பட்டது. அக்குழிகளைத் தோண்டும் பாரமும் அடிமைகளின் தோளிலேயே வீழ்ந்தது. மனிதனைச் சுரண்டுதலும் மண்ணைச் சுரண்டுதலும் ஒரே உற்பத்தி முறையின் இரு கூறுகளாய் அமைந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1791: வாங்குவோன் மீது வைக்கப்பட்ட பொறுப்பு

அடிமைகளின் உழைப்பில் விளைந்த பண்டங்களைத் துய்த்தல் தகாது என்னும் எண்ணம் முதலில் தனி மனிதர் சிலரிடமே காணப்பட்டது. வட அமெரிக்கக் குவேக்கர் சமயத்தவரான யோன் வூல்மன் (1720-1772) சீனியைத் தவிர்த்தார். சாயமிட்ட ஆடைகளையும் அணியாது விட்டார். அது அவருடைய தனிப்பட்ட நோன்பாகவே இருந்தது. அந்நோன்பு பொதுமக்கள் இயக்கமாக மாறுதற்கு அரசியல் தோல்வி ஒன்று வேண்டியிருந்தது.

1787 ஆம் ஆண்டு மே மாதத்தில் அடிமை வணிக ஒழிப்புச் சங்கம் இலண்டனிலே தோன்றியது. அதனைத் தொடக்கிய பன்னிருவருள் ஒன்பதின்மர் குவேக்கர். சங்கத்தின் முயற்சியால் வில்லியம் வில்பர்போர்ஸ் பாராளுமன்றத்திற் கொணர்ந்த பிரேரணை 1791 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் 163 க்கு 88 என்னும் வாக்குக் கணக்கிலே தோற்கடிக்கப்பட்டது. வாக்குரிமை மிகச் சிலருக்கே உரியதாயிருந்த காலம் அது. பாராளுமன்றம் கைவிட்ட வேளையில், வாக்குரிமையற்றோரிடமும் இருந்த ஓர் ஆற்றலை நோக்கி இயக்கம் திரும்பியது. அவ்வாற்றல் பண்டத்தை வாங்காதுவிடும் ஆற்றலாகும்.

அவ்வாண்டிலே வில்லியம் பொக்ஸ் என்பார் எழுதிய துண்டுப் பிரசுரம் ஒன்று இலண்டனில் வெளியாயிற்று. மேற்கிந்தியச் சீனியையும் றம் மதுவையும் தவிர்க்குமாறு பிரித்தானிய மக்களை அது வேண்டியது. அதன் வாதம் எளிமையானது. அடிமையைப் பிடிப்போனும் கொண்டுசெல்வோனும் வேலை வாங்குவோனும் ஆகிய யாவரும் இறுதியிற் சீனியை வாங்குவோனுடைய பணத்துக்காகவே இயங்குகின்றனர். ஆதலின் வாங்குவோனே அக்குற்றத்தின் மூலகாரணன் என்பது அது. பொக்ஸ் கணக்கும் ஒன்று வகுத்தார். கிழமைக்கு 5 இறாத்தல் சீனி பயன்படுத்தும் குடும்பம் ஒன்று 21 மாதங்கள் அதனைத் தவிர்க்குமாயின், ஒருவரேனும் அடிமையாதலிலிருந்தோ கொலையுண்ணலிலிருந்தோ தப்புவர் என்பது அவர் கணிப்பு. அக்கணிப்பின் நுட்பம் ஐயத்துக்குரியதாயினும் அதன் பயன் பெரிது. தொலைதூரத் தீவில் நிகழும் கொடுமைக்கும் சமையலறையிலுள்ள சீனிப் பாத்திரத்துக்கும் இடையிலான தொடர்பினை எண்களால் அளந்து காட்டிய முதல் முயற்சிகளுள் அது ஒன்று.

அப்பிரசுரம் மார்த்தா கேணி என்னும் பெண்மணியின் புத்தகசாலை வாயிலாகப் பரவி இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பதிப்புக்களைக் கண்டது. இயக்கத்துக்காக நாடெங்கும் பயணஞ் செய்த தோமஸ் கிளாக்சன், ஏறத்தாழ 3 இலட்சம் பேர் சீனியைக் கைவிட்டிருந்தனர் எனக் கணித்தார். வீட்டுக்குரிய பொருள்களை வாங்குவோர் பெண்களாதலின், பாராளுமன்றத்துள் இடமற்றிருந்த அவர்களே இவ்வியக்கத்தின் மையமாயினர். 1792 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே ஜேம்ஸ் கில்றே வரைந்த கேலிச்சித்திரத்தில், மூன்றாம் ஜோர்ஜ் மன்னரும் அரசியும் சீனியில்லாத் தேநீரைப் புகழ்ந்து அருந்த, இளவரசிகள் முகஞ்சுளித்து வீற்றிருப்பர். அரச குடும்பத்தை வைத்துக் கேலி செய்யுமளவிற்கு இயக்கம் பரவியிருந்தது என்பதற்கு அச்சித்திரமே சான்றாகும். இத்தகைய செயலைக் குறிக்கும் 'பொய்கொட்' என்னும் ஆங்கிலச் சொல் 1880 இல் அயர்லாந்தில் நிகழ்ந்த நிலப் போராட்டத்திலேதான் தோன்றியது. சொல் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே செயல் பிறந்துவிட்டது.

1792 இல் 519 விண்ணப்பங்கள் பாராளுமன்றத்தை அடைந்தன. அடிமை வணிகத்தைப் படிப்படியாக ஒழிப்பது எனப் பொதுமக்கள் சபை 230 க்கு 85 என்ற வாக்குக்களால் இசைந்தது. 'படிப்படியாக' என்னும் அச்சொல் ஹென்றி டண்டாசின் திருத்தத்தால் நுழைந்தது. நடைமுறையில் அது காலந்தாழ்த்தும் சூழ்ச்சியாகவே முடிந்தது. 1793 இல் பிரான்சுடன் போர் மூண்டதும், சீர்திருத்தம் பேசியோர் யாவரும் புரட்சியாளர் என ஐயுறப்பட்டனர். சீனி மறுப்பும் தளர்ந்தது. அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 இலேயே நிறைவேறியது. அப்போதும் தீவுகளில் ஏற்கெனவே இருந்த அடிமைகள் விடுவிக்கப்படவில்லை.

கிண்ணத்திற் பொறித்த சொற்கள்

1820 களில் இயக்கம் மீண்டும் தலையெடுத்தது. லெஸ்டர் நகரைச் சேர்ந்த எலிசபெத் ஹெய்ரிக் 1824 இல் வெளியிட்ட பிரசுரம், படிப்படியான ஒழிப்பினை மறுத்து உடனடி விடுதலையைக் கோரியது. அவரும் அவருடைய தோழி சூசன்னா வாட்சும் வீடு வீடாகச் சென்று மேற்கிந்தியச் சீனியைக் கைவிடுமாறு வேண்டினர். 1825 இல் பேர்மிங்ஹாம் நகரிலே பெண்கள் சங்கம் தோன்றியது. அதனைப் பின்பற்றிப் பல நகரங்களிலே பெண்கள் சங்கங்கள் அமைந்தன. ஆண்களின் தலைமையிலிருந்த தேசிய சங்கம் 'படிப்படியாக' என்னும் சொல்லைக் கைவிடாவிடின் தாம் அளிக்கும் நிதியை நிறுத்திவிடுவதாகப் பேர்மிங்ஹாம் பெண்கள் 1830 இல் எச்சரித்தனர். அவ்வாண்டிலேயே சங்கம் அச்சொல்லைக் கைவிட்டது. வாங்குதலையும் கொடுத்தலையும் பற்றிய முடிவுகள் அரசியலாற்றலாக மாறக்கூடும் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இக்கால கட்டத்தில் இயக்கம் ஒரு மாற்றுப் பண்டத்தையும் முன்வைத்தது. மேற்கிந்தியச் சீனிக்குப் பதிலாகக் கிழக்கிந்தியச் சீனியை, அதாவது இந்தியாவில் விளைந்த சீனியை வாங்குமாறு மக்கள் தூண்டப்பட்டனர். இலண்டனை அடுத்த பெக்கம் என்னுமிடத்திலே பீங்கான் வணிகம் நடத்திய ஹென்டர்சன் என்பாரின் சீனிக் கிண்ணங்கள் இன்றும் அரும்பொருட்சாலைகளிற் காணப்படுகின்றன. இது அடிமைகளால் ஆக்கப்படாத கிழக்கிந்தியச் சீனி என்னும் கருத்துடைய வாசகம் அவற்றிலே பொறிக்கப்பட்டிருந்தது. ஆறு குடும்பங்கள் இவ்வாறு மாறினால் ஓர் அடிமையின் தேவை குறையும் என்னும் கணக்கும் அதனுடன் இருந்தது. இக்காலத்துச் சான்று முத்திரைகளின் முன்னோடி இக்கிண்ணமே என்பது மிகையாகாது.

இந்த மாற்றீட்டின் பின்னணியில் வணிக நலன்களும் இருந்தன. கிழக்கிந்தியச் சீனிக்கு மேற்கிந்தியச் சீனியிலும் கூடிய சுங்கத் தீர்வை 1836 வரை விதிக்கப்பட்டிருந்தது. அதனைச் சமப்படுத்துமாறு உரத்துக் குரல் கொடுத்தவர்களுள் லிவர்பூல் வணிகரான ஜேம்ஸ் குறொப்பர் ஒருவர். அவர் உண்மையான குவேக்கர். அடிமை முறையை மனமார வெறுத்தவர். அதேவேளை கிழக்கிந்தியச் சீனியை இறக்குமதி செய்தவரும் அவரே. எதிரிகள் இதனைச் சுட்டிக்காட்டி அவருடைய நேர்மையை ஐயுற்றனர். அவருடைய உள்ளத்தூய்மையை ஐயுறுவதற்குப் போதிய ஆதாரமில்லை. எனினும் அறத்தின் பெயரால் விற்கப்படும் பண்டத்தை மதிப்பிடும் பொறுப்பினை அதனை விற்போனிடமே விட்டுவிடலாமா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

கிண்ணத்தின் வாசகம் பொய்யன்று. வங்காளத்திலும் காசிப் பிரதேசத்திலும் கரும்பு விளைவித்தோர் பெரும்பாலும் குடியானவர்களே. அவர்கள் மேற்கிந்திய அடிமைகள் போல விலைக்கு வாங்கப்பட்டவர் அல்லர். ஆயினும் முற்பணம் பெற்றுக் கடனிலே கட்டுண்டோர் அவர்களுட் பலர். அன்றியும் கம்பனியின் ஆட்சிக்குட்பட்ட இந்தியா அடிமை முறை அற்ற நாடாகவும் இருக்கவில்லை. தஞ்சாவூர், மலையாளம் முதலிய பிரதேசங்களிலே பண்ணையடிமை முறை வேரூன்றியிருந்தது. 1833 ஆம் ஆண்டின் அடிமை ஒழிப்புச் சட்டமே இதற்குச் சான்று. கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் சென் ஹெலனா தீவும் அச்சட்டத்தினின்றும் விலக்கப்பட்டிருந்தன. இந்தியாவில் 1843 ஆம் ஆண்டுச் சட்டம், அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என விதித்தது. இலங்கையில் 1844 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினாலேயே அடிமை முறை ஒழிந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலே அடிமைகள் பற்றிய பிரிவு இடம்பெற்றுள்ளமை, இம்முறை தமிழரிடையேயும் சட்டம் ஏற்ற நடைமுறையாய் இருந்தது என்பதை மறக்கவொண்ணாதவாறு உணர்த்துகின்றது. தன் மனச்சான்றினைத் தெளிவாக்கிக்கொள்ள விரும்பிய இலண்டன் இல்லத்தரசியின் கிண்ணத்திலே இச்செய்திகள் எவையும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை.

விடுதலைக்குப் பின்

அடிமை ஒழிப்பினைச் சீனி மறுப்பு மட்டுமே கொணர்ந்தது எனல் ஏற்புடைத்தன்று. 1791 ஓகத்து மாதத்திலே சென் டொமிங்கோவில் மூண்ட அடிமைகளின் புரட்சியும், 1831 இறுதியில் ஜமெய்க்காவிலே சாம் ஷார்ப் தலைமையில் நிகழ்ந்த பெருங்கிளர்ச்சியும், 1832 ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சீர்திருத்தமும் அதற்கு வழிவகுத்தன. அடிமைகள் தமது விடுதலைக்காகத் தாமே போராடினர் என்பதை நுகர்வோரின் நற்பண்பைப் பற்றிய புகழுரைகள் மறைத்துவிடலாகாது. 1834 ஓகத்து 1 ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. தோட்ட உரிமையாளருக்கு 2 கோடி பவுண் நட்டஈடு ஒதுக்கப்பட்டது. உழைத்தோருக்கு எதுவும் வழங்கப்படவில்லை. 1838 வரை 'பயிலுநர்' என்னும் பெயரிலே அவர்கள் கட்டாய வேலையைத் தொடர வேண்டியிருந்தது.

தோட்டங்களுக்குப் புதிய உழைப்பாளர் தேவைப்பட்டனர். 1834 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே 'அட்லஸ்' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை மொறீசியஸ் தீவிலே இறக்கியது. 1838 இல் பிரித்தானியக் கயானாவுக்கும், 1860 இல் நேட்டாலுக்கும் கப்பல்கள் சென்றன. நேட்டாலை முதலில் அடைந்த 'துறூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டதாகும். 1834 முதல் 1917 வரை பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் இவ்வாறு கடல் கடந்தனர். அவர்களுள் சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும் கணிசமானோர். மொறீசியசிலே ஒருநாள் வேலைக்கு வராதவனுக்கு இருநாட் கூலி வெட்டப்படும் வழக்கம் இருந்தது. ஒப்பந்தத்தை மீறுதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. வரலாற்றறிஞர் ஹியூ ரிங்கர் 1974 இல் வெளியிட்ட நூல் இம்முறையைப் புதியதோர் அடிமை முறை எனத் தலைப்பிலேயே பெயரிட்டது. அது அடிமை முறையை முற்றிலும் ஒத்ததா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஒப்பந்தம் முடிந்தபின் நிலம் வாங்கி நிலைபெற்றோரும் பலர். ஆயினும் ஒன்று தெளிவு. இவர்கள் வெட்டிய கரும்பிலிருந்து பெறப்பட்ட சீனியும் 'அடிமைகளால் ஆக்கப்படாத சீனி' என்னும் வாசகத்துக்குப் பொருந்துவதே. ஹென்டர்சனின் கிண்ணத்தில் அதனை இடுவதற்கு எத்தடையும் இல்லை.

1846 ஆம் ஆண்டின் சீனித் தீர்வைச் சட்டம் மற்றொரு திருப்பமாகும். வறியோருக்கு மலிவான சீனி கிடைக்க வேண்டும் என்னும் தடையிலா வணிகக் கொள்கையின் பெயரால், அந்நிய நாட்டுச் சீனிக்கான தீர்வை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1854 அளவில் அது முற்றாகச் சமமாயிற்று. கியூபாவிலும் பிரேசிலிலும் அடிமைகள் விளைவித்த சீனி பிரித்தானியச் சந்தையுட் புகுந்தது. கியூபாவில் 1886 இலும் பிரேசிலில் 1888 இலுமே அடிமை முறை ஒழிந்தது. ஒரு தலைமுறைக்கு முன் சீனியைத் துறந்த நாடு, தன் சொந்தக் குடியேற்றங்களிலே அடிமை முறை ஒழிந்ததும் பிறநாட்டு அடிமையின் சீனியை எளிதாக ஏற்றுக்கொண்டது.

கொக்கோவும் காலத்தாழ்வும்

அறிந்த பின்னும் வாங்குதலைத் தொடர்வது எத்துணைக் காலம் தகும் என்னும் வினாவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த கொக்கோ விவகாரம் எழுப்பியது. குவேக்கர் குடும்பத்தாரின் கட்பரி நிறுவனம் போர்த்துக்கேயரின் ஆட்சியிலிருந்த சாவோ தோமே, பிரின்சிப்பே தீவுகளிலிருந்து கொக்கோவை வாங்கியது. அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் அங்கு உண்மையில் அடிமைகளாகவே நடத்தப்பட்டனர் என்னும் செய்தி 1901 இல் அந்நிறுவனத்துக்கு எட்டியது. எழுத்தாளர் ஹென்றி நெவின்சன் 1906 இல் இதனை நூலாக வெளியிட்டார். நிறுவனம் தானே அனுப்பிய ஜோசப் பேட்டும் அதனை உறுதிப்படுத்தினார். ஆயினும் 1909 மார்ச்சு மாதத்திலேயே கொள்முதல் நிறுத்தப்பட்டது. உள்ளிருந்து வற்புறுத்தினாற் போர்த்துக்கேய அரசு திருந்தும் என்பது அக்காலத்தாழ்வுக்கு நிறுவனம் கூறிய காரணம். தன்னைக் கண்டித்த செய்தித்தாளின்மீது அது தொடுத்த அவதூறு வழக்கில் 1909 இல் வெற்றி கிட்டியது. ஆனால் யூரிமார் விதித்த நட்டஈடு ஒரு பாதிங் மட்டுமே. சட்டப்படி அவதூறு, அறத்தின்படி அதன் மதிப்பு காற்பென்சு என அவர்கள் கருதினர் போலும்.

பின்னர் மேற்கு ஆபிரிக்கக் கோல்ட் கோஸ்ட், இன்றைய கானா, கொக்கோவின் புதிய இருப்பிடமாயிற்று. அங்கு சிறுவிவசாயிகளே கொக்கோவை விளைவித்தனர். எனினும் மேற்கு ஆபிரிக்கக் கொக்கோச் செய்கையில் சிறுவரின் ஆபத்தான உழைப்பை ஒழிக்கும் நோக்குடன் 2001 இல் உடன்படிக்கை ஒன்று செய்ய வேண்டியிருந்தமையை நோக்கும்போது, இடமாற்றம் மட்டும் தீர்வாகாது என்னும் உண்மை மீண்டும் புலனாகின்றது.

மலைநாட்டின் சாட்சி

மேற்கிந்தியத் தீவுகளிலே அடிமை உழைப்பு முடிவுற்ற காலமும் இலங்கையிலே கோப்பிச் செய்கை பெருகிய காலமும் ஒன்றேயாம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டு தோட்டங்களுக்கு வழி திறந்தது. திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் நடந்தும் படகேறியும் வந்தனர். இங்கு ஒப்பந்த முறை இருக்கவில்லை. கங்காணி முறை இருந்தது. கங்காணி வழங்கிய முற்பணம் கடனாயிற்று. கடன் தீர்ந்தாலன்றித் தொழிலாளி தோட்டம் மாற இயலாவாறு அமைந்த 'துண்டு' முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது.

1869 இல் கோப்பியைத் தாக்கிய இலைநோய், ஒரே பயிரைப் பரந்த நிலத்தில் இடையீடின்றி நட்டதன் ஆபத்தைக் காட்டியது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை கோப்பியின் இடத்தைப் பெற்றது. சரிவான மலைகளிலே காடழித்த நிலம் மழைக்கு ஆளாகியமையால் மண்ணரிப்பு மிகுந்தது. 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்ற வேண்டிய நிலை ஏற்பட்டது. பார்படோசில் இரு நூற்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததன் மறுபதிப்பாக இது அமைந்தது.

1890 இல் தோமஸ் லிப்டன் இலங்கையிலே தோட்டங்களை வாங்கிய பின், தேயிலை எந்நாட்டிலிருந்து வருகின்றது என்பது விளம்பரத்தின் முக்கிய கூறாயிற்று. பிறந்த இடத்தை மறைத்து விற்கப்பட்ட சீனிக்கு மாறாக, 'சிலோன் தேயிலை' பிறந்த இடத்தைப் பெருமையுடன் அறிவித்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் விளம்பரங்களில் இடம்பெற்றது. ஆயின் அவளுடைய நாட்கூலியோ, அவள் வாழ்ந்த லயத்து அறையோ, 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவளுடைய மக்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராக்கப்பட்டமையோ அதனால் வெளிப்படவில்லை. உழைப்பாளியின் உருவத்தைக் காட்டுவதும் உழைப்பின் நிலையைக் காட்டுவதும் ஒன்றல்ல.

முத்திரையின் எல்லை

1988 இல் நெதர்லாந்திலே 'மக்ஸ் ஹவெலார்' என்னும் முத்திரை மெக்சிக்கோ நாட்டுச் சிறுவிவசாயிகளின் கோப்பிக்கு வழங்கப்பட்டது. யாவாவில் ஒல்லாந்தர் நடத்திய சுரண்டலைக் கண்டித்து முல்ரத்துலி 1860 இல் வெளியிட்ட நாவலின் பெயரே அது. இம்முயற்சிகளின் வழிவந்த நியாய வணிக இயக்கம், பயிரிடுவோருக்கு அடிப்படை விலையையும் சமூக நலனுக்கென மேலதிகத் தொகையையும் உறுதிசெய்ய முயன்றது. காட்டையும் நீரையும் பேணும் நிபந்தனைகளை முதன்மைப்படுத்தும் முத்திரைகளும் தோன்றின. ஹென்டர்சனின் கிண்ணத்தோடு ஒப்பிடுகையில் இவை பெரும் முன்னேற்றமே. பண்டம் எவ்வாறு ஆக்கப்படவில்லை என்பதோடு நில்லாது, எவ்வாறு ஆக்கப்படல் வேண்டும் என்பதையும் இவை வரையறுக்கின்றன, மேற்பார்வைக்கும் இடமளிக்கின்றன.

எனினும் மேற்பார்வைக்கும் எல்லை உண்டு. 2013 ஏப்பிரல் 24 ஆம் தேதி பங்களாதேசத்தில் றாணா பிளாசா கட்டடம் இடிந்து 1100 க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் மாண்டனர். அங்கிருந்த தொழிலகங்கள் சில முன்னரே சமூகத் தரப் பரிசோதனைக்கு உட்பட்டிருந்தன. முதல்நாளிலே சுவர்களில் வெடிப்புக்களைக் கண்ட தொழிலாளர் உட்செல்ல அஞ்சினர். அவர்களுடைய மறுப்புக்கு ஆற்றல் இருந்திருப்பின் அவ்வுயிர்கள் தப்பியிருக்கும். அவ்வழிவின்பின் ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அதுவரை இருந்த முத்திரைகளிலும் மேலான பாதுகாப்பை அளித்தது. இலங்கையிலும் தோட்டத் தொழிலாளரின் 1000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கை நிறைவேறியது நீண்ட போராட்டத்தின்பின் 2021 இல் வெளியான வர்த்தமானி அறிவித்தலாலேயே. தேயிலைப் பொதியின் முத்திரையால் அன்று.

இதனால் வாங்குவோனின் தேர்வு பயனற்றது என்னும் முடிவுக்கு வருதல் தவறாகும். 1791 இல் சீனியைத் துறந்தோர் இல்லாதிருந்தால், பாராளுமன்றக் கதவுகளுக்கு வெளியே நின்ற மக்கள் அடிமை முறையைத் தமது பொறுப்பாக உணர்ந்திருக்கமாட்டார். பேர்மிங்ஹாம் பெண்களின் உறுதி இல்லாதிருந்தால், 'படிப்படியாக' என்னும் சொல் இன்னும் பல ஆண்டுகள் நிலைத்திருக்கக்கூடும். சீனியைத் துறந்தமை அவர்களுக்கு முடிவாக அமையவில்லை; சட்டத்தைக் கோருவதற்கான முதற்படியாகவே அமைந்தது. அவர்கள் வெற்றி கண்டது அப்படியைத் தாண்டிச் சென்ற இடங்களிலே. அவர்கள் தவறியது, கைவிட்ட பண்டத்திடம் கேட்ட கேள்விகளை அதன் இடத்துக்கு வந்த பண்டத்திடம் கேளாதுவிட்ட இடத்திலே.

சீனிக் கிண்ணத்தின் வாசகம் அச்சீனியை ஆக்காதவர் யார் என்பதைக் கூறியது. ஆக்கியவர் யார் என்பதைக் கூறவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. அக்கேள்வி கேட்கப்பட்டிருப்பின், மொறீசியசுக்கும் நேட்டாலுக்கும் மலைநாட்டுக்கும் கூட்டிச்செல்லப்பட்டோர் இலண்டன் மேசையிலிருந்து அத்துணை எளிதாக மறைந்திருக்கமாட்டார். இன்று கடையிலே பண்டமொன்றைக் கையில் எடுப்போர் அதன் முத்திரையைப் படித்தபின்னும் கேட்கவேண்டிய வினா அதுவே: இதனை ஆக்கியோர் தமது நிலையைத் தாமே எடுத்துரைக்கவும், ஏலாதபோது மறுக்கவும் உரிமை உடையோரா? வாங்குவோனின் மறுப்பு உழைப்போனின் மறுப்புக்குத் துணையாகும்போதே அறமாக நிலைபெறும்.